"காலையில நல்லா இருந்தாளே": பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இளம் மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்காக உருவாக்கிய கேஸ் இது. இதில் வரும் குடும்பம் குறிப்பிட்ட எந்தக் குடும்பமும் இல்லை. ஒரே மாதிரி நடந்த பல சம்பவங்களைச் சேர்த்துக் கட்டியது. மருத்துவ விவரங்கள் எல்லாம் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமாக நேர்பவைதான். சிகிச்சையில் பெரிய பிழை எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வகுப்பில் எல்லோரும் வென்டிலேட்டர் அளவுகளைத் தோண்ட ஆரம்பித்துவிடுகிறார்கள், பேச வேண்டியதைப் பேச நேரம் இருப்பதில்லை.

குழந்தை

தாய்க்கு இது முதல் பிரசவம். 27வது வாரத்தில் இரத்த அழுத்தம் கட்டுக்கு அடங்காமல் ஏறி, தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்துகொண்டன. வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் ஏற்றி, அவசர சிசேரியன் செய்தார்கள். குழந்தையின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டீராய்டு ஊசி ஒரு டோஸ்தான் போட முடிந்தது. அது நன்றாக வேலை செய்ய ஒரு நாளாவது வேண்டும், கிடைத்ததோ சில மணி நேரம்.

பெண் குழந்தை, 920 கிராம். பிறந்ததும் மூச்சுக்குழாயில் டியூப், நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து, வென்டிலேட்டர். இரண்டாம் நாளே டியூபை எடுத்துவிட்டு, மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் சிபாப்புக்கு மாற்றினார்கள். இந்த எடைக்கு அது நல்ல முன்னேற்றம்.

மூன்றாம் நாள் தலையில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். மூளைக்குள் இருக்கும் நீர் அறைகளில் இரத்தக் கசிவு, வலது அறை இரத்தத்தால் விரிந்திருந்தது. 1978ல் பபீல் என்ற மருத்துவரின் குழுவினர் லேசானதிலிருந்து கடுமையானது வரை வகுத்த நான்கு நிலைகளில் இது மூன்றாவது. குறைமாதக் குழந்தைகளில் இந்தக் கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள் நடந்துவிடும். அந்த அறைகளின் சுவரை ஒட்டி ஓடும் நுண்ணிய இரத்த நாளங்கள் 27 வாரத்தில் இன்னும் முதிர்ந்திருக்காது, இரத்த ஓட்டத்தில் சின்ன ஏற்ற இறக்கம் வந்தாலே சில நேரம் உடைந்துவிடும். தாய் ஏதோ செய்ததாலோ செய்யாததாலோ வருவதில்லை. இந்தக் கடைசி வாக்கியம் தாயின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது ஏழாம் நாள்தான்.

கேஸ் ஷீட்டில் ஒரு வரி

தாய் மேல் மாடியில் தனிக் கவனிப்பில், குழந்தை கீழ் மாடியில் கண்ணாடிப் பெட்டியில். தந்தை இரண்டுக்கும் நடுவே படியேறி இறங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் யார் எப்போது என்ன பேசினார்கள் என்று கேஸ் ஷீட்டில் தேடினால், ஆறு நாளும் ஒரே வரிதான் இருக்கிறது: "நிலைமை தந்தைக்கு விளக்கப்பட்டது." கீழே அவர் கையெழுத்து.

எந்த நிலைமை, எந்த வார்த்தையில், அவர் திருப்பி என்ன கேட்டார்? ஒன்றும் கிடையாது. மருந்தின் அளவை மில்லிகிராமில் புள்ளி வைத்து எழுதுகிற அதே கை, பேச்சை இந்த ஒற்றை வரியில் முடித்துவிடுகிறது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் கையெழுத்து இருக்கட்டும் என்பதுதான் அந்த வரியின் வேலை. அடுத்த ஷிஃப்டுக்கு வரும் மருத்துவருக்கு அதனால் நயா பைசா பிரயோஜனம் இல்லை. அவர் மறுபடி புதிதாக ஆரம்பிப்பார்.

அப்படித்தான் நடந்தது. மூன்றாம் நாள் மாலை ஸ்கேன் எடுத்தவர் தந்தையிடம், "கசிவு இருக்கு, பெரும்பாலும் தானா கரைஞ்சிடும்" என்றார். இரவு டியூட்டி டாக்டர், "நீர் சேர்ந்தா ஆபரேஷன் வரைக்கும் போகலாம்" என்றார். மறுநாள் காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், "இப்போதைக்கு ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார். ஒரு நர்ஸ், "கவலைப்படாதீங்க சார், பாப்பா நல்லா இருக்கா, கையைக் காலை நல்லா ஆட்டுறா" என்றார்.

இதில் எந்த வாக்கியமும் பொய் கிடையாது. அதுதான் இந்தக் கேஸின் சிக்கல். நான்கு பேரும் நான்கு வெவ்வேறு காலத்தைப் பற்றிப் பேசினார்கள். நர்ஸ் சொன்னது அந்த நிமிடம். பெரிய டாக்டர் சொன்னது கடந்த எட்டு மணி நேரத்தின் ஆக்சிஜன் அளவு, இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம். டியூட்டி டாக்டர் சொன்னது அடுத்த மூன்று வாரம். ஸ்கேன் மருத்துவர் சொன்னது இரத்தக் கட்டி கரைகிற சில மாதங்கள். தந்தை கேட்டது இந்த நான்கையும் இல்லை. "என் பொண்ணு நடப்பாளா, பேசுவாளா, ஸ்கூலுக்குப் போவாளா" என்பது அவர் கேள்வி. கிடைத்த ஒவ்வொரு பதிலையும் அந்தக் கேள்விக்கான பதிலாகவே எடுத்துக்கொண்டார். அதனால்தான் ஒரே நாளுக்குள் நிம்மதியும் திகிலும் மாறி மாறி.

நான்காம் நாள்

தாய்க்கு இரத்த அழுத்தம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. தந்தை டியூட்டி டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவகிட்ட தலை விஷயத்தை இப்ப சொல்லாதீங்க டாக்டர், தாங்கமாட்டா. நானே அப்புறம் சொல்லிக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டார். டாக்டரும் தலையாட்டினார். இந்த ஒப்பந்தம் அந்த இருவர் தலைக்குள் மட்டும் இருந்தது.

அன்று மாலை தாயை முதல்முறையாகச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தார். வேறொரு பயிற்சி மருத்துவர், விவரம் தெரியாமல், நல்ல மனசோடு சொன்னார்: "பால் இன்னைக்கு ஒரு மில்லி ஏத்தியிருக்கோம்மா. நாளன்னைக்கு தலை ஸ்கேன் திரும்ப எடுக்கணும், அவ்வளவுதான்."

"திரும்பவா? முதல்ல எதுக்கு எடுத்தீங்க?"

பயிற்சி மருத்துவர் தந்தையைப் பார்த்தார். தந்தை தரையைப் பார்த்தார். தாய்க்கு அந்த இரண்டு பார்வையே போதும்.

வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தால் பாதிப் பேர் பயிற்சி மருத்துவரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மறைக்கச் சொன்ன தந்தையையும் குறை சொல்லத் தோன்றவில்லை, பயந்த மனிதர் வேறென்ன செய்வார்? ஆனால் அதற்குத் தலையாட்டிய மருத்துவர் அதை அங்கேயே தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும். குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை இருவருக்கும் ஒன்றுதான். "சரி சார், உங்க பயம் புரியுது. அவங்க பிபி எப்படி இருக்குன்னு பிரசவ டாக்டர்கிட்ட நானே கேக்கிறேன். இன்னைக்குள்ள நாம மூணு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லிடலாம். ஆனா அவங்களே நேரா கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது." இவ்வளவு சொல்ல ஒரு நிமிடம் போதும். தாய் சேதி கேட்டு உடைந்துபோவார் என்று எல்லோரும் பயந்தார்கள். பிற்பாடு அவர் சொன்னதோ வேறு: தலைக்கசிவைவிட, அறையில் எல்லோருக்கும் தெரிந்து தனக்கு மட்டும் தெரியாமல் இருந்ததுதான் அதிகம் வலித்ததாம். அதற்குப் பிறகு யார் என்ன நல்லது சொன்னாலும் அவர் நம்பவில்லை. "இன்னும் என்ன மறைக்கிறீங்க?" என்பது அவர் வாயில் நிரந்தரமாக வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆறாம் நாள்

காலை ஒன்பது மணிக்குத் தந்தை கேட்டார். டியூட்டி டாக்டர், "நல்லா இருக்கா சார்" என்றார். பகல் பதினோரு மணி வாக்கில் குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வர ஆரம்பித்தது. நிறம் மங்கியது, இதயத் துடிப்பு இறங்கியது. கிருமித் தொற்று என்ற சந்தேகத்தில், இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி, ஆன்டிபயாடிக் தொடங்கி, மதியம் மறுபடி டியூப் போட்டு வென்டிலேட்டரில் இணைத்தார்கள். வேகமாகவும் சரியாகவும் செய்தார்கள். போன் செய்ய மட்டும் யாருக்கும் கை ஒழியவில்லை.

தந்தை மாலை ஆறு மணிக்கு உள்ளே வந்து வென்டிலேட்டரைப் பார்த்தார்.

"காலையில நல்லா இருக்கான்னு சொன்னீங்களே டாக்டர்!"

"அப்போ நல்லாத்தான் சார் இருந்தா."

இந்தப் பதிலைக் கேட்டு அவர் கத்தியது வராந்தா வரைக்கும் கேட்டது. பாதுகாவலரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. கேஸ் ஷீட்டில் அன்றைய குறிப்பு: "தந்தை ஒத்துழைக்கவில்லை."

ஒத்துழைக்காத பெற்றோர் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அது ஷிஃப்ட் ஷிஃப்டாகக் கூடவே வரும். அடுத்து வரும் மருத்துவர் பெட்டியருகே போகும்முன்பே தற்காப்போடு போவார், பேச்சைக் குறைப்பார். பேச்சு குறைந்தால் சந்தேகம் கூடும். அந்த ஒரு சொற்றொடரைக் கேஸ் ஷீட்டிலிருந்து தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி. "மதியம் டியூப் போட்டது மாலை வரை தெரிவிக்கப்படவில்லை, தந்தை கோபப்பட்டார்" என்று எழுதியிருந்தால் நடந்தது நடந்தபடி இருந்திருக்கும்.

ஏழாம் நாள் சந்திப்பு

பெரிய டாக்டர் மறுநாள் இருவரையும் ஒரு தனி அறைக்குக் கூப்பிட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் உடன் இருந்தார். போனை வெளியே கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். முதல் வேலையாக முந்தைய நாள் நடந்ததற்கு மன்னிப்பு: "டியூப் போட்ட உடனே உங்களுக்கு போன் பண்ணியிருக்கணும். பண்ணலை. அது எங்க தப்பு." அப்புறம் விளக்க ஆரம்பிக்காமல் கேட்டார்: "இதுவரைக்கும் பாப்பாவைப் பத்தி உங்களுக்கு என்ன சொல்லியிருக்காங்க? உங்களுக்குப் புரிஞ்சதைச் சொல்லுங்க."

தந்தை ஐந்து நிமிடம் விடாமல் பேசினார். மூளையில் இரத்தம் உறைந்திருக்கிறது, அது கரைந்துவிட்டது, ஆனால் ஆபரேஷன் உண்டு, அதனால்தான் மறுபடி வென்டிலேட்டர் என்று அவர் மனதில் எல்லாம் ஒன்றாகக் கோத்திருந்தார். தொற்றினால் மூச்சு நின்றதைத் தலைக்கசிவு முற்றியதாக எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு நாளாக அவரிடம் அள்ளி அள்ளிக் கொடுத்த தகவல் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார்.

தாய் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தலைவலி வந்த அன்னைக்கே நான் வந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதா டாக்டர்?"

பெரும்பாலான தாய்மார்கள் ஏதோ ஒரு வடிவத்தில் இதைக் கேட்கிறார்கள், கேட்காதவர்கள் மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள். கேட்கும்வரை காத்திருக்காமல் முதல் நாளே சொல்லிவிடலாம். டாக்டர் சொன்னார்: "இந்தக் கசிவு குறைமாசத்துல பிறக்கிற பாப்பாக்களுக்கு வர்றது. நீங்க செஞ்ச எதனாலயும் வரலைம்மா. பிபி ஏறினதும் உங்க தப்பு இல்ல." சொல்லிவிட்டுச் சும்மா இருந்தார். தாய் அழுது முடிக்கும்வரை யாரும் ஸ்கேன் படத்தை எடுத்து நீட்டவில்லை. பயிற்சி மருத்துவர்களுக்கு மிகக் கடினமான வேலை இந்தச் சும்மா இருத்தல்தான். பத்து விநாடி மௌனம் வந்தாலே எதையாவது சொல்லி நிரப்பப் பார்ப்பார்கள்.

பிறகு காலத்தைப் பிரித்துச் சொன்னார். "மூணு விஷயமாப் பார்ப்போம். இன்னைக்கும் நாளைக்கும்: பிரச்சினை தொற்றுதான், தலை இல்ல. மருந்து வேலை செய்யுதான்னு ரெண்டு நாள்ல தெரியும். இந்த ரெண்டுல ஆபத்து இப்போ இதுலதான். அடுத்த சில வாரம்: அந்த அறையில நீர் சேருதான்னு தலைச் சுற்றளவு அளந்தும், வாரா வாரம் ஸ்கேன் எடுத்தும் பார்ப்போம். சேராம நின்னுடலாம். சேர்ந்தா அதை வெளியேத்த வழி இருக்கு, சில பேருக்கு ஆபரேஷன் தேவைப்படும். மூணாவது, நீங்க உண்மையில கேக்கிறது: பின்னாடி எப்படி இருப்பா? அதை இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாது. கை கால் இறுக்கம், படிக்கிறதுல சிரமம் வர்ற வாய்ப்பு மத்த குறைமாசக் குழந்தைகளைவிட அதிகம். ஒண்ணுமே இல்லாம வளர்ற குழந்தைகளும் இருக்காங்க. ரெண்டு வயசு வரைக்கும் நாங்க விடாம பார்ப்போம், கொஞ்சம் கொஞ்சமாத்தான் தெரியும்."

தந்தை, "பர்சன்டேஜ் சொல்லுங்க டாக்டர்" என்றார். டாக்டர் எண்ணைச் சொன்னார், ஆனால் இரண்டு பக்கமும் சேர்த்து: இத்தனை பேருக்கு வரும், இத்தனை பேருக்கு வராது. இது அலங்காரம் இல்லை. மிகக் குறைமாதக் குழந்தைக்குச் சிகிச்சை தொடங்குவதா என்ற கற்பனைச் சூழலைப் பொதுமக்களிடம் கொடுத்துக் கேட்ட ஆய்வு ஒன்று 2008ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்தது. ஒரே புள்ளிவிவரத்தைப் பிழைக்கும் கணக்காகக் கேட்டவர்கள், இறக்கும் கணக்காகக் கேட்டவர்களைவிட அதிகமாகச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிற மருத்துவர் தன்னையறியாமல் முடிவையும் தானே எடுத்துவிடுகிறார்.

கடைசியில் டாக்டர் தந்தையிடம், "நான் பேசினதை உங்க போன்ல பதிவு பண்ணிக்கோங்க" என்று சொல்லி, சாராம்சத்தை மறுபடி ஒருமுறை பேசிக் கொடுத்தார். வழக்குக்குப் பயந்து இதைத் தவிர்க்கும் மருத்துவமனைகள்தான் அதிகம். ஆஸ்திரேலியாவில் 200 தாய்மார்களை வைத்து நடந்த சோதனை 2007ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. மருத்துவரோடு பேசிய ஒலிப்பதிவைக் கையில் கொடுத்த தாய்மார்கள் பத்து நாள் கழித்தும் நான்கு மாதம் கழித்தும் நோய், சிகிச்சை, பின்விளைவு பற்றி அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். மனப்பதற்றம் குறைந்ததா என்றால், இல்லை. அதற்கு ஒலிப்பதிவு போதாது.

கெட்ட செய்தி சொல்வதற்கு மருத்துவக் கல்வியில் பரவலாகக் கற்பிக்கும் ஆறு படி முறை ஒன்று உண்டு, ஸ்பைக்ஸ் என்பார்கள். 2000ல் புற்றுநோய் மருத்துவர்கள் வகுத்தது. இடத்தை ஏற்பாடு செய், முதலில் அவர்களுக்குத் தெரிந்ததைக் கேள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்று கேள், பிறகு சொல், உணர்ச்சிக்கு இடம் கொடு, அடுத்தது என்ன என்று சொல்லி முடி. ஏழாம் நாள் சந்திப்பு ஏறக்குறைய அந்த வழியில்தான் போனது. நல்ல முறைதான். ஆனால் அது ஒரு நாள், ஒரு அறை, ஒரு மருத்துவர், ஒரு செய்தி என்ற கணக்கில் எழுதப்பட்டது. இங்கே குழந்தை பத்து வாரம் இருக்கப்போகிறது, ஒரு நாளைக்கு மூன்று ஷிஃப்ட். ஒரு அருமையான சந்திப்பை நடத்திவிட்டு மறுநாளிலிருந்து பழையபடி ஆளுக்கொன்று பேசினால் மூன்றே நாளில் எல்லாம் கரைந்துவிடும்.

அதற்குப் பிறகு

இந்தப் பிரிவில் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, பெற்றோர் காலை ரவுண்ட்ஸில் நிற்கலாம். பயிற்சி மருத்துவர்கள் எதிர்த்தார்கள்: நேரம் இழுக்கும், பெற்றோர் முன்னால் சந்தேகங்களை வெளிப்படையாகப் பேச முடியாது என்றார்கள். நேரம் கொஞ்சம் இழுத்தது உண்மை. சந்தேகத்தைப் பெற்றோர் முன்னால் பேசுவது கெடுதல் என்பதை நான் ஏற்கவில்லை. இந்தத் தாய்க்கு நம்பிக்கை திரும்பி வந்ததே, இரண்டு மருத்துவர்கள் ஆன்டிபயாடிக்கை எப்போது நிறுத்துவது என்று அவர் எதிரிலேயே வாதாடியதைப் பார்த்த பிறகுதான். "எதையும் ஒளிச்சு வைக்கலைன்னு அன்னைக்குத்தான் தோணுச்சு" என்றார்.

அதோடு, பால் கறந்து கொடுப்பது, டயப்பர் மாற்றுவது, வெப்பநிலை பார்ப்பது எல்லாம் தாய் கைக்கு வந்தன. எஸ்டோனியாவின் தாலினில் 1979ல் அடிக் லெவின் என்ற மருத்துவர் நர்ஸ் பற்றாக்குறையால் தாய்மார்களையே பராமரிப்பில் இறக்கினார். அந்த யோசனையைக் கனடாவில் ஷூ லீ குழுவினர் விரிவாக்கி, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பிரிவுகளில் சோதித்து 2018ல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகளின் எடை நன்றாக ஏறியது, பெற்றோரின் மன அழுத்தம் குறைந்தது. இதற்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். தன் கையால் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற தாய், "எப்படி இருக்கா?" என்று கேட்பதில்லை. "நேத்தைவிட இன்னைக்கு வயிறு உப்பலா இருக்கே, பாருங்க டாக்டர்" என்கிறார். அதற்குப் பதில் சொல்வது இருவருக்குமே சுலபம்.

குழந்தைக்குத் தொற்று அடங்கி, ஒன்பது நாளில் மறுபடி சிபாப்புக்கு வந்தாள். தலையின் நீர் அறை இரண்டு வாரம் விரிந்து, பிறகு அப்படியே நின்றது. ஆபரேஷன் தேவைப்படவில்லை. 2.1 கிலோவில் வீட்டுக்குப் போனாள். குறைமாதத்தைக் கழித்துக் கணக்கிட்ட பத்தாம் மாதத்தில் உட்கார்கிறாள், சிரிக்கிறாள், ஆளை அடையாளம் காண்கிறாள். இரண்டு கால்களிலும் லேசான இறுக்கம் தெரிகிறது, பிசியோதெரபி நடக்கிறது. நடப்பாளா என்ற கேள்விக்கு இன்னும் முழுப் பதில் இல்லை. பெற்றோர் அதை இப்போது பொறுமையாகத்தான் கேட்கிறார்கள்.

இரண்டாவது மாற்றம் ஷிஃப்ட் ஒப்படைப்புத் தாளில். மருந்து, வென்டிலேட்டர், இரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்குக் கீழே மூன்று கட்டங்கள் சேர்த்தார்கள்: பெற்றோருக்கு இதுவரை என்ன, எந்த வார்த்தையில் சொன்னோம்; அவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்; நிலைமை மாறினால் யாருக்கு, எந்த எண்ணில், யார் போன் செய்வது. கடைசிக் கட்டத்தில் ஒரு பெயர் எழுதியே ஆக வேண்டும். "யாராவது" என்று எழுதினால் யாரும் செய்யமாட்டார்கள்.

பகலில் இது ஓரளவு ஓடுகிறது. இரவில் ஓடுவதில்லை. இரவு ஒரே மருத்துவர், ஒரே நேரத்தில் இரண்டு பிரசவத்துக்கு ஓட வேண்டியிருந்தால் மூன்று கட்டமும் காலியாகத்தான் விடியும். தகவல் சொல்லும் போனை மூத்த நர்ஸ் செய்யலாமா என்ற விவாதம் அங்கே இன்னும் முடியவில்லை. டியூப் போட்டதை நர்ஸ் சொன்னால் பெற்றோர் உடனே கேட்கும் அடுத்த கேள்விக்கு அவர் பதில் சொல்லக் கூடாது என்கிறது விதி. "டாக்டர் ஒரு மணி நேரத்துல கூப்பிடுவார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடலாம் என்கிறார்கள் நர்ஸுகள். தெரியாமல் இருப்பதைவிட அந்த ஒரு மணி நேரக் காத்திருப்பு மேல் என்றுதான் எனக்கும் படுகிறது. டாக்டர் சொன்ன நேரத்தில் கூப்பிட்டாக வேண்டும், அவ்வளவுதான்.